ஜவ்வரிசிக் கஞ்சியும் புரட்டாசி முட்டையும்

கெங்கவல்லி
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நீ, மகள் தேவிப்ரியா, மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன், இன்னும் பெயர் வைக்காத நம் பேத்தி எல்லாரும் சுகமாக இருக்க சென்றாயப் பெருமாள் துணை நிற்கட்டும். நானும் சுகம் என்று முதல் வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குப் போட்டிருக்கிறாயே ரயில் டிக்கெட், அதை ரத்து பண்ணு. அடிவயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றவள் நம் மகள். பச்சை உடம்புக்காரி. மாப்பிள்ளைக்கோ ஷிஃப்ட் வேலை. ஊர் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வந்திருக்க வேண்டும். என் வாயில் புற்று வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. அவளால் வர முடியவில்லை என்றுதான் உன்னைப் புனேவுக்கு அனுப்பினேன். இப்போது எனக்காக நீ அவளைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தால், நான் செத்துப் பிழைத்ததற்கு என்ன மரியாதை?

போனில் சொல்லலாமே என்பாய். போனில் என் பேச்சு குழறுகிறது. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அத்தாயி அக்கா போனைப் பிடுங்கி, அவன் என்ன சொல்றான்னா என்று வேறு ஏதோ சொல்கிறாள். வீடியோவில் வந்தால் நீ என் பேச்சைக் கேட்பதே இல்லை. கன்னத்தைப் பார்க்கிறாய், கழுத்தெலும்பைப் பார்க்கிறாய், பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாய். ஜவ்வரிசி காயும் நம் சேகோ மில் களத்தில் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் பதறித் திரும்புவான், அப்படிப்பட்ட தொண்டை என்னுடையது. இத்தனை மாதமாகப் பேசாத பேச்சு எல்லாம் உள்ளே தேங்கிக் கிடக்கிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அக்கா உனக்குப் போன் போட்டு, சென்றாயன் களத்தில் விழுந்துட்டான், நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க, நீ உடனே வந்து சேரு என்று ஒப்பாரி வைத்தாளாமே. விழுந்தது உண்மை. தூக்கி வந்ததும் உண்மை. ஏன் விழுந்தேன் என்பதை மட்டும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். அவளுக்கும் அதில் பங்கு உண்டு, எனக்கும் உண்டு, இந்த ஊருக்கே பங்கு உண்டு.

நீ ரயில் ஏறும்போது என் மூக்குக் குழாயை எடுத்து சில நாள்தான் ஆகியிருந்தது. பருப்பு, பயறு, முட்டை என்று நீ அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாய். அதெல்லாம் இரண்டு நாள்தான் ஓடியது. மூன்றாம் நாள் பருப்பு தொண்டையில் ஒட்டி நான் இருமிய இருமலில் அக்கா கதிகலங்கிப் போனாள். அன்று சாயங்காலமே ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினாள். அடடா, வாயைத் திறக்கவே வேண்டாம், மெல்லவே வேண்டாம், தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அக்காவுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. அதிலிருந்து காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி பாயசம்.

வேறு ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருவார்கள், ரொட்டி வாங்கி வருவார்கள். நம் ஊரில் வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு பை ஜவ்வரிசியோடு வந்தான். மில் முதலாளி தீனதயாளன் அரை மூட்டை முதல் தரம் அனுப்பிவைத்தார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை, கடை போடலாம் போல இருந்தது. எனக்கும் பெருமைதான். என் கையால் எத்தனை லோடு காய்ந்து லாரி ஏறியிருக்கும், அது இன்று என்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வயிறு நிறைந்தது. ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு திரிந்தேன். போன தடவை சேலத்துக்குப் போனபோது டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போதும் இப்படி இறங்கியிருந்தால் திரும்பக் குழாய் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மூக்கு வழியாக அதை உள்ளே தள்ளும்போது என்ன பாடு பட்டேன் என்று பார்த்தவள் நீ. குழாய் திரும்ப வந்தால் நீ ஒரு நிமிஷம்கூட அங்கே இருக்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அடுத்த முறை நாளைக்கு வருகிறது. நாளைக்குப் போய் வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை முடிப்பேன்.

அன்றைக்கே டாக்டர் எங்களைச் சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு மையத்துக்கு அனுப்பினார். புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சாப்பாடும் உடற்பயிற்சியும் சொல்லித்தருகிற இடம். சாப்பாட்டுக்குக் கோகிலவாணி என்று ஒரு அம்மா. நம் பெண் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிடறீங்கய்யா என்று கேட்டது. ஜவ்வரிசி என்று பெருமையாக எழுதிக் காட்டினேன். வேற என்று கேட்டது. ஜவ்வரிசி என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. ஐயா, இது வெறும் மாவுச்சத்து, வண்டி ஓட டீசல் மாதிரி, ஆபரேஷனும் கரண்டு வெச்ச கதிர்வீச்சும் உங்க உடம்பைப் பிரிச்சுப் போட்டிருக்கு, டீசலை ஊத்தினா உடைஞ்ச பாகம் சேருமா, புரதம் வேணும், முட்டை, பயறு, கடலை, தயிர் என்று சொன்னது.

எனக்கு வந்தது பார் கோபம். கிழங்கு வண்டி உள்ளே வருவதிலிருந்து மூட்டை தைத்து வெளியே போவதுவரை பார்த்தவன் நான், என்னிடமே ஜவ்வரிசியைக் குறை சொல்வதா? எங்கள் ஊரே இதில்தான் வாழ்கிறது என்று எழுதி மேஜையில் வைத்துவிட்டு விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன். பக்கத்து அறையில் ரூபன் என்று உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். அக்கா வழியெல்லாம் என்னை மெச்சிக்கொண்டே வந்தாள்.

அந்த வீம்பில்தான் மறுநாள் காலை மில்லுக்குப் போனேன். கிழங்கு சீசன் தொடங்கி, களம் முழுக்க வெள்ளை வெளேர் என்று காய்ந்துகொண்டிருந்தது. பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. குஞ்சம்மாள் கையிலிருந்த கிளறும் கட்டையை வாங்கி, இப்படித் தள்ளணும் என்று காட்டப் போனேன். ஆபரேஷன் பண்ணின பக்கத்துத் தோள் எழும்பவே இல்லை. இரண்டு தள்ளு தள்ளியிருப்பேன். கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஜவ்வரிசி நடுவிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் சிதறி, என் வியர்வை பட்டு, அந்த இடத்துச் சரக்கே பாழ். யாராவது செருப்புக் காலோடு களத்தில் ஏறினாலே கத்துகிற ஆள் நான். அவமானம் தாங்கவில்லை சௌந்திரம்.

குஞ்சம்மாள் தண்ணீர் கொண்டு வந்து, என்னங்க மேஸ்திரி, காலையில என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். சேகோக் கஞ்சி என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஐயோ, நாங்க இந்தக் களத்துல நாள் பூரா நிக்கறவங்க, எங்க தூக்குச்சட்டில என்னைக்காவது சேகோவைப் பார்த்திருக்கீங்களா, அதைக் குடிச்சிட்டு யாரு கட்டை தள்ளுறது என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மத்தியானம் தூக்குகளைத் திறந்தால் களி இருக்கும், கீரை இருக்கும், தட்டைப்பயிற்றுக் குழம்பு இருக்கும், சில நாள் மீன் வாசம் வரும். ஜவ்வரிசி இருந்ததே இல்லை. நாம் காய வைப்பதெல்லாம் லாரி ஏறி, நீ இப்போது இருக்கிற ஊருக்கல்லவா போகிறது! மேஸ்திரியாக இருந்து என்ன பிரயோசனம், இது எனக்கு உறைக்கவில்லையே.

அடுத்த நாளே ஃபேர்லேண்ட்ஸுக்குத் திரும்பப் போனேன். கோகிலவாணி ஒன்றுமே நடக்காத மாதிரி, வாங்கய்யா என்றது. நல்ல பெண். கஞ்சியை விட வேண்டாம், அது வழுக்கி இறங்குகிறதல்லவா, அதற்குள்ளேயே மற்றதை ஏற்றுங்கள் என்றது. அப்போதுதான் நீ முன்பு போனில் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா விரத நாளில் நம் ஜவ்வரிசியில் வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தது என்றாயே. வாங்கித் தின்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, செய்கிறவனுக்குத் தெரியவில்லை. எழுதிக் காட்டினேன். அதையேதான் நானும் சொல்ல வந்தேன், ஆனா வெண்ணெய் மாதிரி அரைச்சுப் போடுங்க என்றது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து வடிகட்டி ஊற்றணும். முட்டையை அடித்து, கஞ்சி கொதிக்கும்போது நூல் மாதிரி விட்டு நன்றாக வேகவிடணும். மேலே ஒரு கரண்டி நெய். ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை குடிக்கணும்.

இங்கேதான் வந்தது வினை. புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் பெயரையே எனக்கு வைத்திருக்கிறார்கள், இந்த மாதத்தில் நம் வீட்டில் முட்டை ஓட்டைக்கூடப் பார்க்க முடியாது. அக்கா குறுக்கே நின்றுகொண்டாள். சாமி குத்தம் வந்தா மறுபடி வியாதி வரும்டா என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. உள்ளே அவளுக்கு இருந்தது பக்தி இல்லை, பயம். தம்பி திரும்பப் படுத்துவிடுவானோ என்ற பயம். கடைசியில், கோயிலில் பூப்போட்டுக் கேட்கிறேன், வெள்ளைப் பூ வந்தால் முட்டை, சிவப்பு வந்தால் கிடையாது என்று சொல்லிவிட்டு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினாள்.

திரும்பி வந்தவள் நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். கடையில் வாங்கி வந்த முட்டையை உடைத்தாள், அடித்தாள், கஞ்சியில் ஊற்றினாள், கொண்டு வந்து எதிரில் வைத்தாள். வெள்ளை வந்துச்சா என்று சைகையில் கேட்டேன். சிவப்புதான் வந்துச்சு என்றாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். வந்தா வரட்டும், பெருமாளே, அவன் தின்கிற முட்டைக்கு நான் ஈடு, புரட்டாசி மட்டுமில்ல, ஐப்பசியும் கார்த்திகையும் நான் கவிச்சி தொடமாட்டேன், கணக்கை என் பேர்ல வெச்சுக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன், நீ குடிடா என்றாள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் அத்தாயி அக்கா தெருவில் போகிற நாயோடுகூடச் சண்டை போடுவாள் என்று உனக்குத் தெரியாததா? எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதா விழுங்க முடியாது, முதல்ல குடிச்சிட்டு அழு என்று அதட்டினாள். குடித்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை, கரண்டு வைத்த நாக்கில் எல்லாமே சாக்பீஸ்தான். ஆனால் சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ரூபன் இருக்கிறாரே, அவர் இன்னொரு ரகம். ஊரே என்னைப் படு படு என்கிறது. இந்த ஆள் ஒருவர்தான் எழுந்திரு, நட என்கிறார். படுத்தே கிடந்தால் தின்கிற முட்டை சதையாக மாறாதாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் நடங்கள் என்றார். நின்றுகொண்டே என்னால் பேச முடியவில்லை, நடந்துகொண்டு எங்கே பேசுவது என்று எழுதிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது வெயில் தாழ்ந்த பிறகு களத்து ஓரமாகவே நடக்கிறேன். கட்டையைத் தொடுவதில்லை, குஞ்சம்மாள் தொடவிடுவதும் இல்லை.

தோளுக்கு ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருக்கிறார். அதை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும். முதல் நாள் நான் ஜன்னலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. அப்புறம் வாயைத் திறக்கும் பயிற்சி. ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல்லுக்கு நடுவில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பழகப் பழக இன்னொரு குச்சி செருக வேண்டும். கண்ணில் நீர் முட்டும். விட்டால் வாய் இறுகிவிடும் என்று ரூபன் சொல்லியிருப்பதால் விடுவதில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்து தன் வாயையும் திறந்து வைத்துக்கொள்கிறாள், எனக்குத் துணையாம். பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் குச்சி விழும், குச்சி விழுந்தால் அவளே திட்டுவாள்.

இப்போது அக்காவை நம்பாமல் கஞ்சியை நானே காய்ச்சுகிறேன். ஆமாம், நான்தான், இந்தக் கையால்தான். கடலை அரைக்கிறேன், பருப்பு வடிகட்டுகிறேன். நேற்று அடி பிடித்துவிட்டது. உன் நல்ல பாத்திரம் இல்லை, பழையதுதான், பதறாதே.

இப்போது நிறுத்துகிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் சேலம் போக வேண்டும். பயமாக இருக்கிறது சௌந்திரம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வியாழக்கிழமை சாயங்காலம்

போய்விட்டு வந்துவிட்டேன். குழாய் இல்லை!

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் சட்டையையே கழற்றினேன். எடை மேடையில் ஏறும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் பார்த்துவிட்டு, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கீங்க என்றது. அக்கா நம்பாமல் என்னை இறங்கச் சொல்லித் திரும்ப ஏற்றினாள். என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, போன் இருக்குது, அதை எடுத்துட்டு நில்லு என்றாள். எடுத்துவிட்டு நின்றேன். அப்போதும் ஏறித்தான் இருந்தது. டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். முன்னைவிட நன்றாகத் திறக்கிறது, இப்படியே சாப்பிடுங்கள், நடங்கள், குழாய்ப் பேச்சே வேண்டாம் என்றார். ருசி திரும்ப இன்னும் மாதங்கள் ஆகலாமாம். ஆகட்டும், அதற்கு நான் காத்திருக்கிறேன். தோள் இன்னும் முழுசாக எழும்பவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கும் உயரம்வரை வந்துவிட்டது.

திரும்பும்போது மையத்துக்குப் போனோம். கோகிலவாணி எடையைக் கேட்டுவிட்டு கைதட்டியது. அங்கே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், என்னைப்போலவே கன்னத்தில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர், துரும்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, ஜவ்வரிசிதாங்க குடுக்கறேன், வேற எதுவும் இறங்க மாட்டேங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோகிலவாணி என்னைப் பார்த்தது. சேகோ மில் மேஸ்திரி நீங்களே சொல்லுங்கய்யா என்றது. சொன்னேன். எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது அவர்களுக்கு. ஆனாலும் புரிந்தது. முட்டையை எப்போது ஊற்றுவது என்று அந்த அம்மா திரும்பக் கேட்டது. அப்புறம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

இனி உன் விஷயம். டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டாய் என்று ஒரு போன் போட்டு அக்காவிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை நாளைக்கு ஆத்தூரில் கூரியரில் போட்டுவிடுவேன். தேவிப்ரியா குனிந்து நிமிரப் பழகட்டும். பேத்திக்குத் தலை நின்று, மூன்று மாதம் முடியட்டும். அதுவரை நான் விழமாட்டேன், சாப்பிடாமல் இருக்கமாட்டேன். என்னைப் பார்த்துக்கொள்ளத்தானே ஓடி வருகிறாய்? அதற்கு வராதே. அது நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு காரியம் இருக்கிறது, அதற்கு நீதான் வர வேண்டும். கரண்டு வைத்த நாளெல்லாம் ஒரு வாய் இறங்காமல் நான் கிடந்தேனே, அப்போது நீ எங்கே சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, தட்டை மடியில் மறைத்துக்கொண்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வாய். வாசம் எனக்கு வரக்கூடாது என்று அத்தனை மாதமும் வீட்டில் தாளிக்கவே இல்லை. கருவாட்டுக் குழம்பு என்றால் உனக்கு உயிர், அதை நீ மறந்தே போனாய். நான் குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன். என் பெண்டாட்டி திருடி மாதிரி சோறு தின்கிறாளே என்று இருக்கும். வாயில் வந்த வலியெல்லாம் ஒரு வலியா, சௌந்திரம்?

அதனால் மகள் தேறிய பிறகு நிதானமாக வா. நீ வருகிற அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு நான் வைக்கிறேன், தெருவுக்கே மணக்கட்டும். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிடு. நான் என் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன். நீ சாப்பிட்டு முடித்தாலும் கை கழுவ எழுந்து போய்விடாதே.

தேவிப்ரியாவுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சுகமாக இருக்கும்,
உன் சென்றாயன்